அமுக்க அமுக்க எதிர்க்கும் எரிபொருள்: ஒரு முன்மொழிவும் அதன் ஆய்வும்

கோவையில் நீர்மூழ்கி மோட்டார் தயாரிக்கும் ஒரு தொழிலதிபரிடம் இளம் பொறியாளர்கள் சிலர், அணுக்கரு இணைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் ஒன்றுக்கு முதலீடு கேட்டு ஓர் அறிக்கை கொடுத்திருந்தார்கள். கல்லூரியில் உயர் மின்னழுத்தப் பாடம் எடுப்பவன் என்பதால், அதைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி அவர் என்னிடம் அனுப்பினார். அவர்கள் எல்லாருடைய சம்மதத்தோடும், ஆளும் நிறுவனமும் அடையாளம் தெரியாதபடியும் அந்த ஆய்வை இங்கே எழுதுகிறேன். பவுண்டரி உலைக்கும் நூற்பாலைக்கும் மின்கட்டணம் கட்டியே களைத்துப்போன இந்தப் பகுதியில், புதிய மின்சாரம் என்று யார் வந்து சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிச் சொந்தமாகக் காற்றாலை நட்டவர்கள் இங்கே நிறையப் பேர். அதனால் இந்தக் கேள்வி ஒருவர் மேசையோடு நிற்கப்போவதில்லை.

அறிக்கையின் சாரம் இதுதான். 50 கிலோஜூல் ஆற்றலைச் சேமிக்கும் கெப்பாசிட்டர் பேங்க் (கெப்பாசிட்டர்களின் தொகுப்பு) ஒன்றைக் கட்டி, அதிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் ஆம்பியரை ஒரே துடிப்பாக மெல்லிய அலுமினியக் குழாய் ஒன்றின் வழியே விடுவார்கள். குழாயின் ஆரம் 5 மில்லிமீட்டர், சுவர் 0.1 மில்லிமீட்டர். உள்ளே சாதாரண அழுத்தத்தில், ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியம் வாயு இருக்கும். மின்னோட்டம் தன்னைச் சுற்றி உண்டாக்கும் காந்தப்புலம் குழாயை உள்நோக்கி நசுக்கும், வாயு சுருங்கிச் சூடேறும், அணுக்கருக்கள் இணையும். சுருக்க விகிதம், அதாவது தொடக்க ஆரத்துக்கும் இறுதி ஆரத்துக்கும் உள்ள விகிதம், 1,000 என்று குறித்திருந்தார்கள். அந்த 1,000 எங்கிருந்து வந்தது என்பதற்கு அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

முதலீட்டாளரின் கேள்வி நேரடியானது. “ஏனுங்க சார், கேனையே அந்த நசுக்கு நசுக்கிக் காட்டிப்போட்டாங்க. இன்னுங் கொஞ்சம் பெரிய பேங்க் போட்டு இன்னுங் கொஞ்சம் அமுக்குனா ஆகாதுங்களா?”

“அந்த இன்னுங் கொஞ்சத்துலதானுங்கண்ணா கதையே இருக்குது” என்றேன். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கணக்குப் போட்டதுதான் இந்த ஆய்வு.

நசுங்கிய கேன்

அவர் சொன்ன கேன் சோதனையை நானும் நேரில் போய்ப் பார்த்தேன். தடித்த செம்புக் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி, அதற்குள் காலியான குளிர்பானக் கேனை நிறுத்தி, கெப்பாசிட்டரைச் சுவிட்ச் வழியே அதில் இறக்கினார்கள். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். கேனின் நடுப்பகுதி உடுக்கை இடுப்பாக உள்வாங்கிவிட்டது. பையன்கள் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் ஷார்ட்டிங் ராடால் முனைகளைத் தொட்டு, மிச்ச மின்சாரத்தை இறக்கிய பிறகுதான் கிட்டே போனார்கள். அந்த ஒழுக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

கேனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. இடுப்பு வட்டமாகச் சுருங்கியிருக்கவில்லை. சுற்றிலும் மடிப்பு மடிப்பாக, மேடும் பள்ளமுமாக நெளிந்து உள்ளே போயிருந்தது. ஒரு மேடு நடுவை எட்டுவதற்குள் பக்கத்துப் பள்ளம் பாதி வழியில் நின்றுவிட்டிருந்தது. சார்ஜை முழுதாக ஏற்றி அடித்த இன்னொரு கேன் மேலும் சுருங்கவில்லை, இடுப்பில் கிழிந்து இரண்டு துண்டாகியிருந்தது. ஆற்றலைக் கூட்டியபோது சுருக்கம் கூடவில்லை, உருக்குலைவுதான் கூடியது. ஆய்வில் இதைத்தான் முதல் சான்றாகக் குறித்துக்கொண்டேன்.

கேன் நசுங்கும் விதமும் அறிக்கையில் உள்ள குழாய் நசுங்கும் விதமும் ஒன்றல்ல. கேனில் சுருள்தான் மின்னோட்டத்தைத் தாங்குகிறது, கேனில் தூண்டப்படும் எதிர் மின்னோட்டம் அதைச் சுருளிலிருந்து உள்ளே தள்ளுகிறது. குழாயில் மின்னோட்டம் நீளவாக்கில் குழாய்ச் சுவரிலேயே ஓடி, அதையே இறுக்குகிறது. இந்த இரண்டாவது விளைவு பழையது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஹார்ட்லி வேல் என்ற இடத்தில் ஓர் இடிதாங்கியின் செம்புக் குழாய் மின்னல் தாக்கிக் கசங்கிப்போனது. அதை ஆராய்ந்த பொலாக், பாராக்ளோ இருவரும் குழாயை நசுக்கியது மின்னோட்டத்தின் சொந்தக் காந்த விசைதான் என்று 1905இல் விளக்கினார்கள். அன்று வானம் செய்ததைக் கெப்பாசிட்டரால் செய்வதுதான் துடிப்பு மின்சக்தி: மெதுவாகச் சேர்த்துவைத்த ஆற்றலை நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கொட்டுவது.

அறிக்கையின் எண்ணே அறிக்கைக்கு எதிராக

1,000 மடங்கு சுருக்கம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வெப்பம் வெளியே தப்பாமல் ஓர் உருளையைச் சுருக்கினால், வெப்பநிலை சுருக்க விகிதத்தின் 4/3 அடுக்காக ஏறும். 1,000க்கு அது 10,000 மடங்கு. அறை வெப்பநிலை 0.025 எலக்ட்ரான்வோல்ட், எனவே 250 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு வந்து சேர்வோம். இணைவு கணிசமாக நடக்க, எளிதில் இணையும் டியூட்டீரியம்-டிரிட்டியம் கலவைக்கே (டிரிட்டியம் ஹைட்ரஜனின் இன்னும் கனமான வகை) சில ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட் தேவை, ஒரு எலக்ட்ரான்வோல்ட் என்றால் 11,600 டிகிரி. அறை வெப்பநிலையிலிருந்து 4,000 எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சுருக்கத்தால் மட்டுமே போக வேண்டுமென்றால் விகிதம் ஏறத்தாழ 8,000 ஆக வேண்டும். தொடக்கத்தில் அதிர்வலை கொஞ்சம் கூடுதல் சூட்டைக் கொடுக்கும். மூலக்கூறு உடைவதும் எலக்ட்ரான் பிரிவதும் கொஞ்சத்தை விழுங்கும். இந்தத் திருத்தங்கள் எதுவும் படத்தை மாற்றாது.

ஆரம் 1,000 மடங்கு குறைந்தால் அடர்த்தி 10 லட்சம் மடங்கு ஏறும். டியூட்டீரியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 160 கிராமைத் தாண்டும், ஈயத்தைப்போல் 14 மடங்கு. அந்த அடர்த்தியில் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்கக் கூடாது என்ற குவாண்டம் விதியே ஒரு சுவராக எழுந்து நிற்கும். வெப்பமே இல்லாவிட்டாலும் எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் சுமார் 1,500 கோடி வளிமண்டலம். மின்னோட்டம் முழுவதும் 5 மைக்ரோமீட்டர் ஆரத்திலேயே ஓடுவதாகப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டாலும், 10 லட்சம் ஆம்பியர் தரும் காந்த அழுத்தம் சுமார் 640 கோடி வளிமண்டலம்தான்.

அந்தப் பெருந்தன்மைக்கும் இடமில்லை. 5 மில்லிமீட்டர் ஆரமும் 0.1 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாயின் உலோகக் குறுக்குவெட்டு சுமார் 3 சதுர மில்லிமீட்டர். நடுத் துளை முழுக்க மூடிப்போனாலும் அந்த உலோகம் எங்கேயும் போய்விடாது, 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கம்பியாக நிற்கும். மின்னோட்டம் அந்தக் கம்பியின் வெளிப்புறத்தில் ஓடும். அங்கே காந்தப்புலம் 200 டெஸ்லா, அழுத்தம் வெறும் 1.6 லட்சம் வளிமண்டலம். 640 கோடி எங்கே, 1.6 லட்சம் எங்கே! லேத்தில் நின்று பழகியவர் முதலீட்டாளர். இந்த ஒரு கணக்கைச் சொன்னதும் மற்ற எதையும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் பையன்களுக்காகத் தொடர வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: “அப்ப அமெரிக்காவுல மட்டும் எப்படிங்க சார் பண்றாங்க?”

அல்புகர்க்கியில் நடப்பது

நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கியில், சாண்டியா தேசிய ஆய்வகத்தில் இருக்கும் இசட் இயந்திரம்தான் இந்தத் துறையின் உரைகல். வோல்ட்டைப் பெருக்கிக் கொடுக்கும் 36 மார்க்ஸ் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 60 கெப்பாசிட்டர்கள். சுமார் 20 மெகாஜூலைச் சேமித்து, 100 நானோவினாடியில் எழும் துடிப்பாக 2 கோடி ஆம்பியருக்கு மேல் கொடுக்கும், உச்சம் 2.6 கோடி. பையன்களின் திட்டத்தைப்போல் ஆற்றலில் 400 மடங்கு.

அங்கே 2013இல் தொடங்கிய சோதனை வரிசைக்கு மேக்லிஃப் என்று பெயர். ஸ்லட்ஸும் சக ஆய்வாளர்களும் 2010இல் முன்வைத்த யோசனை அது. 7.5 மில்லிமீட்டர் உயரமுள்ள பெரிலியம் குழாய், உள்விட்டம் 4.65 மில்லிமீட்டர், சுவர் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். இந்தக் குழாயை லைனர் என்பார்கள். 2014இல் வெளியான முதல் முடிவுகளின்படி மின்னோட்டம் 1.9 கோடி ஆம்பியர், லைனரின் உச்ச வேகம் நொடிக்கு 70 கிலோமீட்டர் என்று கணிப்பு. இறுதியில் எக்ஸ் கதிரில் ஒளிர்ந்த சூடான தண்டின் அகலம் 60 முதல் 120 மைக்ரோமீட்டர், உயரம் 6 மில்லிமீட்டர், ஆயுள் சுமார் 2 நானோவினாடி. வெப்பநிலை சுமார் 3,000 எலக்ட்ரான்வோல்ட், அதாவது ஏறத்தாழ 3.5 கோடி டிகிரி.

இவ்வளவு பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டும் அவர்கள் 1,000 மடங்கைக் குறிவைக்கவில்லை. அவர்களுடைய சுருக்கம் சில பத்து மடங்குதான். அதையே எப்படிக் குறைப்பது என்றுதான் யோசிக்கிறார்கள். இந்த ஆய்வில் நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இதுதான். துடிப்பு மின்சக்தி இணைவில் கெட்டிக்காரத்தனம் அதிகமாக அமுக்குவதில் இல்லை, குறைவாக அமுக்கினாலே போதும் என்ற நிலைக்கு எரிபொருளைக் கொண்டுவருவதில் இருக்கிறது.

ஏன் அப்படி என்பதற்கு மூன்று அடுக்குகளை ஒப்பிட்டால் போதும். மின்னோட்டம் மாறாதிருந்தால், வெளியிலிருந்து அமுக்கும் காந்த அழுத்தம் ஆரத்தின் இருபடிக்குத் தலைகீழாக ஏறும்: ஆரம் பாதியானால் அழுத்தம் 4 மடங்கு. உள்ளே இருக்கும் எரிபொருளின் அழுத்தமோ ஆரத்தின் 10/3 அடுக்குக்குத் தலைகீழாக ஏறும்: ஆரம் பாதியானால் 10 மடங்கு. உள்ளே நீளவாக்கில் ஒரு காந்தப்புலத்தை அடைத்துவைத்திருந்தால் அதன் அழுத்தம் நான்காம் அடுக்கில் ஏறும்: பாதியானால் 16 மடங்கு. ஆக, தொடக்கத்தில் வெளியே எவ்வளவு பலம் இருந்தாலும் சரி, எதிர்ப்பு அதை ஓர் இடத்தில் எட்டிப்பிடித்தே தீரும். ஜின்னிங் மில்லில் பஞ்சுப் பொதி கட்டும் பிரஸ் முக்கால் பங்கு வழி சும்மா இறங்கிவிட்டுக் கடைசி நாலு அங்குலத்துக்கு முக்குவதை அவிநாசிப் பக்கம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆற்றல் கணக்கு இன்னும் கறார். 2 கோடி ஆம்பியர் மாறாமல் ஓடினால், ஆரத்தைப் பத்தில் ஒன்றாக்கும்போது லைனரின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் காந்தம் செய்யும் வேலை சுமார் 920 கிலோஜூல். அதை மறுபடியும் பத்தில் ஒன்றாக்கினால் கூடுதலாகக் கிடைப்பதும் அதே 920 கிலோஜூல்தான். எரிபொருள் கேட்பதோ முதல் பத்து மடங்குக்குத் தொடக்க ஆற்றலைப்போல் 21 மடங்கு, அடுத்த பத்து மடங்குக்கு அதற்கும் மேல் 21 மடங்கு. கொடுப்பவர் கூட்டலில் கொடுக்கிறார், வாங்குபவர் பெருக்கலில் கேட்கிறார். நிஜத்தில் மின்னோட்டம் மாறாமல் நிற்பதும் இல்லை. லைனர் உள்ளே சுருங்கச் சுருங்க மின்தூண்டல் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பு) ஏறி, மின்னோட்டத்தைப் பின்னுக்குத் தள்ளும்.

மேக்லிஃப்பில் இறுதி அழுத்தத்தைக் காந்தம் நேரடியாகக் கொடுப்பதில்லை. லைனரை ஓடவிட்டு அதன் இயக்க ஆற்றலில் சேர்த்துவைக்கிறார்கள். கொடுத்திருக்கும் அளவுகளை வைத்து நான் போட்ட கணக்கில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுமார் 340 கிலோஜூல் வருகிறது. அந்த உந்தம்தான் எரிபொருள்மேல் போய் மோதி நிற்கிறது.

சுவரை மெல்லிதாக்கினால் என்ன

“சுவர் தடிமன்தான் பிரச்சினைன்னா, மெல்லிசாக்கிட்டா வேகமும் கூடும்ல சார்?” என்று குழுவில் ஒரு பெண் கேட்டார். அறிக்கையில் இருந்த எல்லாவற்றையும்விட நல்ல கேள்வி அது.

இலேசான ஒன்று கனமான ஒன்றைத் தள்ளும்போது எல்லைப் பரப்பு நிலையாக இருக்காது. இங்கே எடையே இல்லாத காந்தப்புலம் உலோகத்தைத் தள்ளுகிறது. பரப்பில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் அது ஆழமாகிக்கொண்டே போகும். காந்த ரேலி-டெய்லர் நிலைகுலைவு என்பது இதுதான். இதன் வளர்ச்சியை எளிய கணக்கில் பார்க்கலாம். லைனர் 2.3 மில்லிமீட்டர் தூரம் சீரான முடுக்கத்தில் உள்ளே போகிறது, பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரம் அரை மில்லிமீட்டர் என்று வைத்தால், வளர்ச்சி அடுக்கு 7.6 வருகிறது. அதாவது ஏறத்தாழ 2,000 மடங்கு. 100 நானோமீட்டர் ஆழமுள்ள ஒரு கீறல், கண்ணாடிபோலக் கடைந்த பரப்பில் இருப்பது, இந்தக் கணக்கில் 0.2 மில்லிமீட்டர் பள்ளமாகிவிடும். சுவரே 0.46 மில்லிமீட்டர்தான். பள்ளம் பெரிதானதும் இந்த வளர்ச்சி தணியும் என்பது உண்மை, ஆனாலும் அளவு புரியும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இந்த அடுக்கு முடுக்கத்தைச் சார்ந்ததே இல்லை, போன தூரத்தையும் பள்ளங்களின் இடைவெளியையும் மட்டுமே சார்ந்தது. வேகமாக அடித்தால் தப்பிக்கலாம் என்பது நடக்காது. தடித்த சுவரை வைத்துக்கொண்டு, வேகத்தை விட்டுக்கொடுப்பதுதான் வழி.

கீறலே இல்லாமல் கடைந்துவிட்டால்? அதற்கும் இடமில்லை. மின்னோட்டம் பாயும்போது உலோகத்தில் சற்றே கூடுதலாகச் சூடான இடத்தின் மின்தடை ஏறும், மின்தடை ஏறிய இடம் மேலும் சூடாகும், பட்டை பட்டையாக விரியும். நிலைகுலைவுக்கான விதையை உலோகம் தானே தூவிக்கொள்கிறது. சாண்டியா ஆய்வாளர்கள் லைனருக்கு வெளியே சில பத்து மைக்ரோமீட்டர் பிளாஸ்டிக் பூசி இதை வெகுவாக அடக்கிக் காட்டினார்கள். நீளவாக்கில் காந்தப்புலம் சேர்த்தபோது பள்ளங்கள் வளையங்களாக இல்லாமல் திருகாணிபோல் சுற்றிச் சுற்றி ஏறியதையும் படம்பிடித்தார்கள்.

கேனில் பார்த்த மடிப்புக்குக் காரணம் வேறு, உலோகத் தகடு நெளிந்து வளைவது அது. விளைவு ஒன்றுதான். ஒரு பக்கம் மற்றதைவிட 1 சதவீதம் பின்தங்கி வருகிறது என்று வையுங்கள். சுருக்க விகிதம் 30 என்றால், அந்த 1 சதவீதப் பிழை இறுதி ஆரத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம். விகிதம் 100 என்றால் பிழையும் இறுதி ஆரமும் சமம், எரிபொருள் நடுவில் குவிய இடமே இருக்காது. 1,000 என்று எழுதுவதற்கு முன் பரப்பின் சமச்சீர் பத்தாயிரத்தில் ஒன்றுக்குள் அடங்கும் என்று காட்டியிருக்க வேண்டும். மடிந்த கேன் அதற்கு நேர் எதிரான சாட்சி.

குறைவாக அமுக்கும் வித்தை

மேக்லிஃப் செய்வது இதுதான். அமுக்கத் தொடங்கிய பிறகு, லேசர் ஒன்றை மெல்லிய பிளாஸ்டிக் ஜன்னல் வழியே உள்ளே செலுத்தி எரிபொருளை முன்கூட்டியே சூடாக்குகிறார்கள். 100 எலக்ட்ரான்வோல்ட்டில் தொடங்கினால் 30 மடங்குச் சுருக்கம் 93 மடங்குச் சூட்டைக் கொடுக்கும். இழப்பே இல்லையென்றால் 9,300 எலக்ட்ரான்வோல்ட். 8,000 மடங்கு வேண்டியிருந்த இடத்தில் 30 போதும்!

சூடான வாயு மெதுவாக அமுங்கும்போது சூடு குழாய்ச் சுவருக்குக் கசிந்துவிடுமே? அதற்குத்தான் நீளவாக்கில் 10 டெஸ்லா காந்தப்புலம். மின்னூட்டத் துகள்கள் புலத்தைச் சுற்றிச் சுழலுமே தவிர, குறுக்கே எளிதில் போகாது. லைனர் சுருங்கும்போது புலமும் சேர்ந்து நசுங்கிப் பல ஆயிரம் டெஸ்லா ஆகும். எரிபொருளின் அடர்த்தி-ஆரப் பெருக்கம், அதாவது வெளியேறும் துகளின் வழியில் எவ்வளவு பொருள் நிற்கிறது என்ற அளவு, சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம்தான் இருந்தது. புலம் இல்லாத இணைவில், இணைவில் பிறக்கும் ஹீலியக் கருவான ஆல்ஃபா துகளை நிறுத்திவைக்கச் சுமார் 300 மில்லிகிராம் வேண்டும். அந்தப் பற்றாக்குறையைப் புலம் ஈடுகட்டுகிறது. லேசர், புலம் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டுச் சோதித்தபோது, இணைவில் வெளிவரும் நியூட்ரான்களின் எண்ணிக்கை பல பத்து மடங்கு சரிந்தது. தனித்தனியாகப் பயனில்லாத இரண்டு சேர்ந்தால் பயன் தருகிறது என்று காட்டிய அந்தச் சோதனை, என் கணக்கில் முழு வரிசையிலும் மிக அழகானது.

கணக்கில் 9,300 வந்த இடத்தில் கிடைத்தது ஏறத்தாழ 3,000. லேசரின் 2.5 கிலோஜூலில் சில நூறு ஜூல்தான் வாயுவுக்குப் போய்ச் சேர்ந்தது, மற்றது ஜன்னலிலேயே சிதறியது. வாயு முழுவதையும் 100 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கொண்டுவர 1.3 கிலோஜூல் வேண்டும். சரி, லேசரைப் பெரிதாக்கலாமே என்றால், ஜன்னல் பிளாஸ்டிக்கும் சுவர் உலோகமும் வாயுவோடு கலந்துவிடும். அணு எண் ஏற ஏற எக்ஸ் கதிராகச் சூட்டை இழப்பதும் இருபடியில் ஏறும். புலத்தைக் கூட்டலாமே என்றால், அந்த நான்காம் அடுக்கு குறுக்கே வரும். 10 டெஸ்லாவை 30 மடங்கு சுருக்கினால் 9,000 டெஸ்லா, அழுத்தம் சுமார் 32 கோடி வளிமண்டலம், தாங்கலாம். 30 டெஸ்லாவில் தொடங்கினால் அது 9 மடங்காகி 290 கோடியாகும். எரிபொருளுக்குப் போக வேண்டிய வேலையைப் புலமே தின்றுவிடும். எந்தப் பக்கம் போனாலும் விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும்.

2020இல் வெளியான முடிவில் புலம், லேசர், மின்னோட்டம் மூன்றையும் சேர்த்து உயர்த்தி, 2014இல் சொன்ன 2 லட்சம் கோடி நியூட்ரானை 11 லட்சம் கோடியாக்கியிருந்தார்கள். ஆறு வருட உழைப்பில் ஐந்து மடங்குக்கு மேல், பெரிய முன்னேற்றம். ஆனால் எரிபொருளில் நடந்த டியூட்டீரிய இணைவின் மொத்த ஆற்றல், கணக்குப் பார்த்தால், சுமார் 13 ஜூல். இயந்திரம் சேமித்தது 2 கோடி ஜூல். டிரிட்டியம் கலந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று கணிப்பது 2 கிலோஜூல். இந்த எண்களை முதலீட்டாளர் முன் அப்படியே வைத்தேன். 2022 டிசம்பரில் கலிபோர்னியாவில் லேசர் முறையில் 2.05 மெகாஜூல் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்த செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே கோளமாகச் சுருக்குகிறார்கள். கோளத்தில் வெப்பநிலை இருபடியில் ஏறும், உருளையின் 4/3ஐ விடச் சாதகம். அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

மின்னோட்டத்துக்கும் ஓர் எல்லை

அமுக்குவதற்கு எல்லை இருக்கிறது என்றால் மின்னோட்டத்தையாவது கூட்டலாம். கணிப்பொறி உருவகங்கள் சொல்வதும் அதுதான்: உள்சுவரில் உறைந்த எரிபொருள் அடுக்கு வைத்து, 6 கோடி ஆம்பியர் கொடுத்தால், பெரிய அளவில் ஆதாயம் வரும் என்று 2012இலேயே எழுதினார்கள். பசிஃபிக் ஃப்யூஷன் என்ற அமெரிக்க நிறுவனம் அந்த அளவு இயந்திரத்தைத்தான் திட்டமிடுகிறது.

ஆனால் 6 கோடி ஆம்பியரைச் சில மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தனி யுத்தம். வெறும் 10 நானோஹென்றி மின்தூண்டல் உள்ள பாதையில் 100 நானோவினாடிக்குள் 2.6 கோடி ஆம்பியரை ஏற்ற 26 லட்சம் வோல்ட் வேண்டும். சில மில்லிமீட்டர் இடைவெளியில் அந்த வோல்ட்டைத் தாங்கும் காப்புப் பொருள் எதுவுமில்லை. மின்னோட்டத்தின் காந்தப்புலமே எலக்ட்ரான்களை வளைத்துத் திருப்பி அனுப்புகிறது, காப்பு அதுதான். மையத்தை நெருங்க நெருங்க உலோகப் பரப்பு சூடேறிப் பிளாஸ்மாவாகி இடைவெளியை அடைக்கும், மின்னோட்டத்தில் ஒரு பங்கு லைனரை எட்டாமலே குறுக்கே பாய்ந்துவிடும். பேங்க் கொடுத்த மின்னோட்டம் வேறு, லைனருக்குப் போய்ச் சேர்ந்த மின்னோட்டம் வேறு. பையன்களின் அறிக்கையில் அளவிடும் இடம் பேங்கின் வாயிலில் இருந்தது. லைனருக்கு அருகே, துடிப்பு மின்னோட்டத்தை அளக்கும் ரோகோவ்ஸ்கி சுருள் வைக்காமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம் என்று தனியாக அடிக்கோடிட்டு எழுதினேன்.

நியூட்ரான் பற்றியும் ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் அறிக்கை “நியூட்ரான் வந்தால் வெற்றி” என்று முடிந்திருந்தது. 1958 ஜனவரியில் பிரிட்டனின் ஹார்வெல்லில் ஸீட்டா என்ற இணைவு ஆய்வு இயந்திரத்தில் நியூட்ரான் வந்ததைப் பெரிதாக அறிவித்தார்கள். சில மாதத்தில், அது சூட்டால் நடந்த இணைவு அல்ல, நிலைகுலைவின்போது முடுக்கப்பட்ட சில அயனிகள் மோதியதால் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 10 லட்சம் ஆம்பியர் இயந்திரத்தில் டியூட்டீரியம் போட்டால் நியூட்ரான் வரக்கூடும்தான். அது எல்லாத் திசையிலும் ஒரே ஆற்றலோடு வருகிறதா என்று பார்க்காமல் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நியூட்ரான் உண்டாக்கும் கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதும் அறிக்கையில் இல்லை.

கொடுத்த கருத்து

இணைவு மின்சாரம் என்ற பெயரில் பணம் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். 10 லட்சம் ஆம்பியரில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் காந்தம் தாங்கிப்பிடிக்கக்கூடிய வெப்ப ஆற்றலின் அளவுகோல் சுமார் 500 ஜூல். 2 கோடி ஆம்பியரில் அது 200 கிலோஜூல். மின்னோட்டத்தின் இருபடியில் ஏறும் இந்த அளவுகோலை எந்தச் சாமர்த்தியத்தாலும் தாண்ட முடியாது.

அதே சமயம் அந்தக் குழுவை விட்டுவிடக் கூடாது என்றும் எழுதினேன். அவர்களுக்குச் சுவிட்ச் கட்டத் தெரியும், கெப்பாசிட்டரைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரியும், நம் பகுதியில் அது அரிது. காந்தத் துடிப்பால் உலோகக் குழாயைச் சுருக்கி இன்னொன்றின்மேல் பிடிக்கவைக்கும் முறை தொழிற்சாலைகளில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மோட்டார் தொழிலில் செம்பு, அலுமினிய இணைப்புகளுக்கு நேராகப் பொருந்தும். அங்கே வேண்டிய சுருக்கம் சில சதவீதம்தான். மடிப்பு விழாமல் சுருங்க வைப்பது எப்படி என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கும், அதைக் கற்றவர்கள் பின்னால் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் மதிப்பு உண்டு.

முதலீட்டாளர் ஒரு வாரம் யோசித்தார். இணைவுத் திட்டத்தை ஏற்கவில்லை. சிறிய பேங்க் ஒன்று, ரோகோவ்ஸ்கி சுருள், நல்ல அலைக்காட்டி ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்கச் சம்மதித்தார். முதல் வேலையாக, வெவ்வேறு சுவர்த் தடிமனுள்ள அலுமினியக் குழாய்களை ஒரே ஆற்றலில் அடித்து, நசுங்கிய பிறகு ஒவ்வொன்றையும் குறுக்கே அறுத்து, வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கச் சொல்லியிருக்கிறேன். சுவரை மெல்லிதாக்கினால் என்ன என்று கேட்ட அந்தப் பெண்தான் அளவீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறார்.